போதையில் சிக்கியவரை மீட்கும் முயற்சி: குடும்பம் எப்படித் திட்டமிட வேண்டும்?

  

 

மது ஹராம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸூரத்துல் மாயிதாவின் 90, 91 ஆகிய வசனங்களில் அல்லாஹ் மதுவையும் சூதாட்டத்தையும் ஷைத்தானின் அசுத்தமான செயல் என்று கூறி, விலகிக்கொள்ளும்படி கட்டளையிடுகிறான். போதை தரும் ஒவ்வொன்றும் மதுதான், அது ஹராம் என்று பெருமானார் (ஸல்) சொன்ன ஹதீஸ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கஞ்சாவும், போதைக்காக விழுங்கும் வலி மாத்திரையும், ஊசியும் அதற்குள் அடங்கிவிடும். இந்தப் பயானை நீங்கள் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருப்பீர்கள்.

இன்று வேறு ஒரு கேள்விக்குப் பதில் தேடுவோம். சில வருடங்களுக்கு முன் ஓர் அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி அது. கணவர் மவுத்தாகிவிட்டார். 26 வயது மகன், ஏசி மெக்கானிக். நல்ல வேலைக்காரன். குடியில் விழுந்துவிட்டான். அம்மாவின் கருகமணியை எடுத்துப்போய் அடகு வைத்துவிட்டான். அந்தத் தாய் சொன்னார்கள்: "ஹராம்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும் ஹஜ்ரத். இப்ப நான் என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தேன், துஆ செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மிம்பரில் குடிகாரர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் சிறிய ஊர். பேசும்போதே நாலைந்து பேர் கடைசி ஸஃப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பையன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவன் பள்ளிவாசல் பக்கமே வரவில்லை. அதுவரை குடித்தாலும் ஜும்ஆவுக்காவது வந்துகொண்டிருந்தவன். நான் சொன்னது ஹக்குதான். சொன்ன விதத்தில் அவனுக்கு இருந்த கடைசி வாசலையும் நானே சாத்திவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

அதற்குப் பிறகு, மத்ரஸாவில் ஓதிய அதே ஹதீஸ்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மருத்துவர்களிடமும் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஒருவர் இருந்தால் இதை மெதுவாகப் படியுங்கள்.

பெருமானாரின் சபையில் குடித்தவர்

ஸஹீஹுல் புகாரியில் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. முதலாவதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். மது அருந்திய ஒருவர் பெருமானாரிடம் கொண்டுவரப்பட்டார். தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் திரும்பிப் போகும்போது கூட்டத்தில் ஒருவர், அல்லாஹ் உன்னைக் கேவலப்படுத்துவானாக என்று சொல்லிவிட்டார். உடனே பெருமானார் (ஸல்) அப்படிச் சொல்லக் கூடாது என்றும், அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யக் கூடாது என்றும் தடுத்தார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு. அப்துல்லாஹ் என்றொரு தோழர். பெருமானாரைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காக முன்பே தண்டனை பெற்றவர், மறுபடியும் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்டார். எத்தனை தடவைதான் இவன் இப்படிப் பிடிபடுவான் என்று சலித்துக்கொண்டு ஒருவர் சபித்தார். பெருமானார் சபிக்க வேண்டாம் என்று தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள்.

கவனியுங்கள். தண்டனை நிறுத்தப்படவில்லை, தவறு தவறு இல்லை என்று ஆகிவிடவும் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வழுக்கி விழுந்தவருடைய இதயத்தில் ஈமான் உயிரோடு இருக்கிறது என்பதை நபியவர்களே சபைக்கு அறிவித்தார்கள். உங்கள் மகனிடம் பேச உட்காரும் முன், இந்த ஹதீஸை உங்கள் மனதுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள். அவன் மீது உங்களுக்குள்ள கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை யார் பயன்படுத்திக்கொள்வது என்பதில்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

உமர் (ரலி) அவர்களின் கடிதம்

ஸூரத்துல் முஃமினின் தொடக்க வசனங்களுக்கு விளக்கம் எழுதும்போது தஃப்ஸீர் இமாம்கள் ஒரு சம்பவத்தைக் கொண்டுவருகிறார்கள். ஷாம் நாட்டைச் சேர்ந்த வீரமிக்க ஒருவர் உமர் (ரலி) அவர்களிடம் வந்து போய்க்கொண்டிருந்தார். சில காலம் அவரைக் காணவில்லை. எங்கே என்று விசாரித்தார்கள். குடியில் விழுந்துவிட்டார் என்று பதில் வந்தது.

உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பு நாம் அறிந்ததே. அவர்கள் எழுத்தரை அழைத்துக் கடிதம் எழுதச் சொன்னார்கள். ஸலாம் சொல்லி, அல்லாஹ்வைப் புகழ்ந்து, அந்த ஸூராவின் தொடக்கத்தில் வரும் தன்மைகளை எழுதினார்கள்: பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன், அருள் மிக்கவன், அவனிடமே மீளுதல் இருக்கிறது. கடிதம் கொண்டுபோகிறவரிடம், அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு உடனிருந்தவர்களிடம், உங்கள் சகோதரருக்காக துஆ செய்யுங்கள் என்றார்கள்.

கடிதத்தைப் பெற்றவர் திரும்பத் திரும்பப் படித்தார். தண்டனையைக் கொண்டு எச்சரித்திருக்கிறான், மன்னிப்பதாகவும் வாக்களித்திருக்கிறான் என்று சொல்லி அழுதார். குடியை விட்டார், உறுதியாகவே விட்டார். செய்தி வந்தபோது உமர் (ரலி), உங்கள் சகோதரர் சறுக்கி விழுந்தால் நீங்களும் இப்படியே செய்யுங்கள், அவருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர்கள் என்ற கருத்தில் அறிவுரை சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. ஆளைக் காணவில்லை என்றதும் விசாரித்தார்கள். எழுத்தில் தந்தார்கள். எச்சரிக்கையையும் மன்னிப்பையும் சேர்த்தே வைத்தார்கள். தெளிவான நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கூட்டமே பின்னால் நின்று துஆ செய்தது. இன்றைக்குப் போதை மருத்துவ நிபுணர்கள் குடும்பத்தாருக்குச் சொல்லித்தரும் பாடத்தில் பாதி இதில் வந்துவிட்டது.

பாவமா, நோயா?

இரண்டும்தான். முதல் கிளாஸைக் கையில் எடுத்தது அவனுடைய தேர்வு, அதற்கு அவன் பொறுப்பு. ஆனால் வருடக்கணக்கில் குடித்தபின் மூளையும் உடலும் அதற்குப் பழகிவிடுகின்றன. காலையில் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது. அந்த நிலையில் அவன் நோயாளி. நோயாளிக்கு மருந்து தேடுவது மார்க்கத்தின் கட்டளை. மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று பெருமானார் சொன்னதாக அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. தவ்பாவும் வேண்டும், டாக்டரும் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தடுப்பது அறியாமை.

2019இல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு வெளியானது. நாட்டில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றது அந்த ஆய்வு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேரின் வீடுகளில் என்ன நடக்கிறது? அழுகை, சண்டை, அடகு, வெட்கம்.

வீடுகளில் நடக்கும் நான்கு தவறுகள்

ஒன்று, கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்பது. யாரோ பெற்ற பெண்பிள்ளையை மருந்தாக வாங்கி வருகிறோம். பெண் வீட்டார் விசாரிக்கும்போது மறைக்கிறோம். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்ற ஹதீஸ் சந்தையில் தானியம் விற்றவருக்குச் சொல்லப்பட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை தானியத்தைவிட மலிவா?

இரண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்பது. போதைப் பழக்கத்தை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. பிள்ளையைச் சம்பாதிக்க அனுப்பிவிட்டுச் சிறையில் போய்ப் பார்க்கும் நிலை வரக்கூடும்.

மூன்று, அடைத்து வைப்பது, கட்டிப்போடுவது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் ஓட முடியாமல் சிக்கினார்கள், 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கு வருபவரைச் சங்கிலியில் கட்டுவதை முழுமையாகத் தடை செய்கிறது. எந்த இடமாக இருந்தாலும், எவ்வளவு புனிதமான ஊராக இருந்தாலும், கட்டிவைக்கும் இடத்தில் உங்கள் பிள்ளையை விட்டுவராதீர்கள்.

நான்கு, பணம் கொடுத்துச் சமாளிப்பது. கடன்காரன் வாசலில் நிற்கிறான், கொடுத்துவிடுகிறோம். முதலாளிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்கிறோம். இதைப் பாசம் என்று நினைக்கிறோம். ஸூரத்துன் நிஸாவின் 5வது வசனத்தைப் பாருங்கள். விவேகமற்றவர்களின் கையில் செல்வத்தைக் கொடுக்க வேண்டாம் என்று அல்லாஹ் தடுக்கிறான். அதே வசனத்தில், அவர்களுக்கு உணவும் உடையும் கொடுக்க வேண்டும், நல்ல வார்த்தை பேச வேண்டும் என்றும் சொல்கிறான். போதைக்காரர் இருக்கும் வீட்டுக்கு இதைவிடத் தெளிவான சட்டம் வேண்டுமா? கையில் காசு கிடையாது. தட்டில் சோறு உண்டு. உடுத்தத் துணி உண்டு. வாயில் நல்ல பேச்சு உண்டு.

திட்டமிடும் முறை

1. அவர் இல்லாமல் முதலில் மஷூரா செய்யுங்கள். மூன்று முதல் ஐந்து பேர் போதும். அவர் யாரை நேசிக்கிறாரோ, யார் முன்னால் பொய் சொல்லத் தயங்குவாரோ அவர்கள் இருக்க வேண்டும். அது அக்காவாக இருக்கலாம், மாமுவாக இருக்கலாம், பழைய உஸ்தாதாகவோ பள்ளிக்கூட நண்பனாகவோ இருக்கலாம். சொத்துத் தகராறு உள்ள பெரியத்தா வேண்டாம். கோபத்தில் கை நீட்டுபவர் வேண்டாம். தானும் குடிப்பவர் வேண்டாம். சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கவே வேண்டாம். இமாமை அவர் மதித்தால் கூப்பிடுங்கள். பயந்து ஓடுவார் என்றால் எங்களை விட்டுவிடுங்கள், நாங்கள் வீட்டிலிருந்து துஆ செய்கிறோம்.

பேசுவதற்கு ஒருவரைத் தலைமையாக வையுங்கள். மூஸா (அலை) ஃபிர்அவ்னிடம் போகச் சொல்லப்பட்டபோது, என்னைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் என் சகோதரர் ஹாரூன், அவரைத் துணைக்குக் கொடு என்று கேட்டார்கள். ஒரு நபியே அப்படிக் கேட்டிருக்க, வீட்டில் நான்தான் மூத்தவன், நான்தான் பேசுவேன் என்று நாம் பிடிவாதம் பிடிக்கலாமா? அந்த இருவருக்கும் அல்லாஹ் சொன்ன அறிவுரை மென்மையாகப் பேசுங்கள் என்பது. ஃபிர்அவ்னிடமே மென்மை என்றால், நம் பிள்ளையிடம்?

2. மருத்துவமனையை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இது மிக முக்கியம். அவர் "சரி, வருகிறேன்" என்று சொல்லும் மனநிலை பெரும்பாலும் ஒரு மணி நேரம் நீடித்தால் அதிகம். அந்த நேரத்தில் எங்கே போவது என்று நாம் போனைத் தடவிக்கொண்டிருந்தால் வாய்ப்புப் போய்விடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் போதை மீட்பு மருத்துவமனையும் சென்னையில்தான் இருக்கிறது. மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. முதலில் நீங்கள் மட்டும் பேசுங்கள். இடம் இருக்கிறதா, செலவு எவ்வளவு, எத்தனை நாள், குடும்பத்தார் வந்து பார்க்கலாமா, மருத்துவர் இருக்கிறாரா, அரசுப் பதிவு உண்டா என்று கேளுங்கள். பார்க்கவே விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள்.

போலீஸ் வழக்கு வருமோ என்று கஞ்சா, மாத்திரை விஷயத்தில் சிலர் பயப்படுகிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், பயன்பாடு மற்றும் சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி தருகிறது. ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. சொல்லப்போவதை எழுதிக்கொள்ளுங்கள். உமர் (ரலி) அவர்களின் வழி இதுதான். அன்பில் தொடங்குங்கள். நீங்கள் கண்ணால் பார்த்த இரண்டு சம்பவங்களை மட்டும், நாளோடு எழுதுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்", "குடும்ப மானத்தை வாங்கிட்டே" என்பதை அடித்துவிடுங்கள். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பையனுடைய அக்கா எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"தம்பி, அத்தா மவுத்தான அன்னைக்கு மையித்து பக்கத்துல என் கையை விடாமப் பிடிச்சிருந்தது நீதான். போன ரமளான்ல 27ஆம் இரவு நீ வாசப்படியில விழுந்து கிடந்தே. என் மகன் உன்னைப் பார்த்துட்டு உள்ள ஓடிப்போய் கதவைச் சாத்திக்கிட்டான். மாமான்னா உசுரா இருந்தவன். எனக்கு என் தம்பி வேணும். இன்னைக்கே என்கூட டாக்டர்கிட்ட வா."

இதில் வசை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவருக்குத் தப்பிக்க இடமும் இல்லை.

4. நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். குடித்திருக்கும்போது பேசாதீர்கள். கல்யாண வீட்டில், உறவினர் கூட்டத்தில், பள்ளிவாசல் வாசலில் பேசாதீர்கள். தெளிவாக இருக்கும் காலை நேரம் நல்லது. ஏதாவது ஒரு பாதிப்பு நடந்து, அவரே மனம் நொந்து இருக்கும் நாள் இன்னும் நல்லது.

5. சபையைச் சுருக்கமாக வையுங்கள். இரண்டு ரக்அத் ஹாஜத் தொழுதுவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொருவரும் எழுதியதைப் படியுங்கள். அவர் எதிர்த்துப் பேசினால் வாதம் செய்யாதீர்கள். பழைய கணக்கை எடுக்காதீர்கள். குரல் உயர்ந்தால் நிறுத்திவிடுங்கள், இன்னொரு நாள் இருக்கிறது. அவர் சரி என்றால் அப்போதே கிளம்புங்கள். பை தயாராக இருக்கட்டும், வண்டி வாசலில் நிற்கட்டும்.

முன்பு வன்முறை நடந்த வீடு என்றால் இந்தச் சபையை நீங்களாகக் கூட்ட வேண்டாம், மருத்துவ ஆலோசகரைக் கேட்டுச் செய்யுங்கள். மனைவியும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்தில் இருப்பது முதல் கடமை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 எண்கள் இருக்கின்றன. அடி வாங்கிக்கொண்டு ஸப்ரு செய் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள்.

எச்சரிக்கை: திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்து

இதைத் தனியாகச் சொல்கிறேன். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, மனக்குழப்பம் ஏற்பட்டு, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். தலைப்பிறை பார்த்ததும் தவ்பா செய்து, ஒரே நாளில் நிறுத்தி, நோன்பும் வைத்து, இரண்டாவது மூன்றாவது நாள் வலிப்பில் விழுபவர்கள் இருக்கிறார்கள். வீட்டார் ஜின் தொந்தரவு என்று நினைத்து ஓதிப் பார்க்கக் கொண்டுவருகிறார்கள். நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஓதுவதை அங்கே வந்து நான் செய்கிறேன். அவர் தவ்பா உண்மையானதுதான். உடலுக்குத்தான் மருத்துவர் தேவைப்படுகிறார். ரமளானில் விட நினைப்பவர் ஷஃபானிலேயே மருத்துவரைப் பார்க்கட்டும்.

மறுத்துவிட்டால்?

பெரும்பாலும் முதல் தடவை மறுப்பார்கள். எதிர்பார்த்தே உட்காருங்கள்.

குடும்பம் கூடிப் பேசும் முறையை 1960களில் அமெரிக்காவில் ஒழுங்குபடுத்தியவர் வெர்னான் ஜான்சன் என்ற கிறிஸ்தவப் பாதிரியார், தானே குடியிலிருந்து மீண்டவர். பின்னால் ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் வேறொரு முறையை உருவாக்கினார். அதில் ஒருநாள் சபையைவிட அன்றாட நடத்தைக்குத்தான் முக்கியத்துவம். அவர் தெளிவாக இருக்கும்போது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், பேசுங்கள், பாராட்டுங்கள். குடித்து வரும்போது சண்டையில்லாமல் விலகிக்கொள்ளுங்கள். அவர் செய்ததன் விளைவை அவரே சுமக்கட்டும். அவர் மனம் இளகும் நேரத்தில் சிகிச்சைக்கு அழையுங்கள். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 130 குடும்பத்தினரிடம் இந்த முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருநாள் கூட்டிப் பேசும் முறையில் 30 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வந்தார்கள். பொறுமையான இந்த முறையில் 64 சதவீதத்தினர் வந்தார்கள்.

ஆகவே, ஒருநாள் சபையோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவர் மறுத்தால், உங்களால் நிறைவேற்ற முடிந்த எல்லைகளை மட்டும் அமைதியாகச் சொல்லுங்கள்: "இனி கையில் காசு தரமாட்டேன். கடனை அடைக்கமாட்டேன். உனக்காகப் பொய் சொல்லமாட்டேன். சாப்பாடு உண்டு. டாக்டரிடம் போக எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவேன்." செய்ய முடியாத மிரட்டலை வாயில் எடுக்காதீர்கள். "நீ என் பிள்ளையே இல்லை" என்று சொல்லிவிட்டு மறுநாள் சோறு போட்டால், உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

முடிவு நம் கையில் இல்லை. நூஹ் (அலை) அவர்கள் அலைகளுக்கு நடுவிலும் மகனைக் கப்பலுக்கு அழைத்தார்கள், அவன் வரவில்லை. யஃகூப் (அலை) பல வருடம் கழித்தும் மகனைத் தேடும்படி பிள்ளைகளை அனுப்பி, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்றார்கள், அவர்களுக்கு மகன் கிடைத்தார். இருவரும் நபிமார்கள், இருவரும் தகப்பன்மார்கள். பிள்ளை வராததால் நூஹ் (அலை) அவர்களின் முயற்சியில் குறை சொல்ல முடியுமா? அழைப்பது நம் கடமை. இதயத்தைத் திருப்புவது அவனுடைய அதிகாரம். தாய்மார்களே, உங்கள் மீது பழி போட்டுக்கொண்டு உடைந்துபோகாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

நூறு கொலை செய்தவர் பற்றிய ஹதீஸில், தவ்பாவுக்கு வழி உண்டா என்று கேட்டவரிடம் அந்த ஆலிம் உண்டு என்று சொல்லி, உன் ஊரை விட்டு நல்லவர்கள் வாழும் ஊருக்குப் போ என்றார். இடம் மாறாமல் மனம் மட்டும் மாறுவது கடினம் என்பதை அந்த ஆலிம் புரிந்திருந்தார். சிகிச்சை முடிந்து வருபவருக்குப் பழைய கூட்டாளி, பழைய தெருமுனை, சம்பள நாள் எல்லாம் சோதனை. போன் நம்பர் மாற்றுவது, வேலை இடம் மாற்றுவது, சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போவது ஆகியவற்றை முன்பே பேசிவையுங்கள். மருந்தையும் ஆலோசனையையும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். வலி மாத்திரை, ஹெராயின் போன்றவற்றிலிருந்து மீண்டவர் மறுபடி பழைய அளவை எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இடைவெளியில் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும்.

மறுபடி ஒருமுறை சறுக்கலாம். அப்போது எல்லாம் வீண் என்று சொல்லாதீர்கள். பெருமானார் சாட்சி சொன்ன அந்த அப்துல்லாஹ்வும் ஒருமுறைக்கு மேல் சறுக்கியவர்தான்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்பது ஹதீஸ். மறைப்பது என்றால் கண்டும் காணாமல் விடுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. ஊர் பேசாமல் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் மருத்துவச் செலவுக்கு வழி செய்வதுதான் அது. நிக்காஹ் நேரத்தில் மண்டபம் கட்டக் காசு திரட்டுகிறோம். ஓர் இளைஞனின் ஒரு மாத சிகிச்சைக்கு ஒரு நிதி வைக்க முடியாதா?

அந்தத் தாயின் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். எட்டு மாதம் கழித்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையனிடம், மிம்பரில் பேசிய விதத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் கொடுத்தான். குடும்பத்தார் கூடிப் பேசிய முதல் நாள் பாதியில் எழுந்து போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு பைக்கிலிருந்து விழுந்து வந்தவன், காலையில் அக்காவிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டிருக்கிறான். அன்றே போனார்கள். நடுவில் ஒரு பக்ரீதுக்கு மறுபடி குடித்தான், மறுபடி டாக்டரிடம் போனான். இப்போது வேலைக்குப் போகிறான். அடகு வைத்த கருகமணியை மீட்டுத் தாயிடம் கொடுத்துவிட்டான். ஜும்ஆவுக்கு வந்தால் இன்னும் கடைசி ஸஃப்பில்தான் உட்காருகிறான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

யா அல்லாஹ்! பாவத்தை மன்னிப்பவனே, தவ்பாவை ஏற்பவனே! போதையில் சிக்கியுள்ள எங்கள் பிள்ளைகளையும் சகோதரர்களையும் கணவன்மார்களையும் மீட்டுத் தருவாயாக! அவர்களுக்காக அழும் தாய்மார்களின் கண்ணீரை ஏற்றுக்கொள்வாயாக! எங்கள் நாவுகளில் மென்மையையும், எங்கள் எல்லைகளில் உறுதியையும் தருவாயாக! எங்கள் சகோதரர்களுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவுபவர்களாக எங்களை ஆக்கிவிடாதே!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.